அந்த இரண்டு எலும்புகள்: ஒரு திறந்த மடல்

கடற்போர் விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருக்கும் கொழும்பு நிறுவனத்தின் இயக்குநருக்கும் அவருடைய வடிவமைப்புக் குழுவினருக்கும்,

உங்கள் நிறுவனத்தின் பெயரையோ விளையாட்டின் பெயரையோ நான் எழுதப் போவதில்லை. எழுதினால் இந்த மடல் உங்களுக்கு இலவச விளம்பரமாகும், இல்லையென்றால் உங்கள் வாசலுக்கு வசைபாட வருகிறவர்களுக்கு வழிகாட்டியாகும். இரண்டும் எனக்கு வேண்டாம். வாசிக்கத் தொடங்கியதும் யாருக்கு எழுதியது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட அறிக்கை நாலே வரி. விளையாட்டில் வரும் படைத்தலைவியின் உடையை மாற்றப் போவதில்லை. சந்தை விரும்புவது இதைத்தான். சிகிரியா ஓவியங்கள் உள்ள நாட்டில் பெண்ணுடலைக் கண்டு கூச்சப்படத் தேவையில்லை. பிடிக்காதவர்கள் விளையாடாமல் விடலாம். அவளுக்கு ஏன் இந்த உடை என்று தமிழிலும் சிங்களத்திலும் கேள்வி கேட்டவர்களுக்கு ஆங்கிலத்தில் மட்டும் பதில். கேட்டவர்களில் நானும் ஒருத்தி. அந்த நாலு வரியை வாசித்தபிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

நடந்ததை முதலில் சொல்கிறேன். கொழும்பு 7இல் நடந்த கண்காட்சிக்கு என் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவளுக்கு 13 வயது. எங்கள் வீட்டில் கேமுக்குத் தடை கிடையாது. படிப்பு முடிந்தால் விளையாடலாம், அவ்வளவுதான். நம்முடைய கடலை வைத்து, நம்முடைய ஊரிலேயே ஒரு விளையாட்டு வருகிறது என்று ஒரு மாதமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். வரிசையில் 40 நிமிடம் நின்றோம். ஆளுக்குப் பத்து நிமிடம் விளையாட விட்டீர்கள்.

வாசலிலேயே படைத்தலைவியின் ஆளுயர அட்டை உருவம். பெடியன்கள் அதன் இடுப்பில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கையை இன்னும் மேலே கொண்டுபோனான், மற்றவர்கள் கைதட்டினார்கள். உங்கள் ஊழியர்களும் சிரித்தார்கள். அட்டைதானே.

திரையில் இரண்டு பேரில் ஒருவரைத் தெரிவு செய்யலாம். இருவருக்கும் ஒரே பதவி, ஒரே வாள், ஒரே கப்பல், ஒரே அளவு உயிர்ப்புள்ளி. அவனுக்குத் தோல் கவசம், முழங்கை வரை காப்பு, முழங்காலைத் தொடும் சப்பாத்து, தோளில் மழைக்கு ஒரு போர்வை. அவளுக்கு மார்பில் இரண்டு உலோகக் கிண்ணம், இடுப்பில் ஒரு சாண் துணி, காலில் குதி உயர்ந்த செருப்பு. மன்னார்க் கடலில், வாடைக்காற்றில், நனைந்த மேல்தட்டில் குதி உயர்ந்த செருப்பு! மீன்பிடி வள்ளத்தில் ஒருமுறை கால்வைத்துப் பார்த்த எவரும் அந்தச் செருப்பை வரைந்திருக்க மாட்டார்.

“அம்மா, இவவுக்குக் குளிராதா? மழையெல்லோ பெய்யுது” என்று மகள் கேட்டாள். பகிடியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். பக்கத்தில் நின்ற உங்கள் ஊழியரிடம் நான் அதே கேள்வியைக் கேட்டேன். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் சொன்னார்: “அக்கா, அதெல்லாம் மார்க்கட்டுக்காக. நீங்க ஒண்டும் யோசிக்காதீங்க.”

மகள் படைத்தலைவியைத்தான் எடுத்தாள். ஓடினாள், கயிற்றில் ஏறினாள், ஒருவனை வெட்டியும் விட்டாள். அப்போது பின்னால் வரிசையில் நின்ற ஒரு குரல்: “கமராவைக் கீழ இறக்கிப் பார். உள்ளுக்க எல்லாம் டிசைன் பண்ணியிருக்கிறாங்களாம்.” பெரிய சிரிப்பு. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பட்டியலுக்குப் போய் ஆணை எடுத்தாள். இன்னும் ஒரு நிமிடம் விளையாடியிருப்பாள். பிறகு கண்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டு, “காணும் அம்மா, போவம்” என்றாள். நேரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் மீதி இருந்தது.

பம்பலப்பிட்டியில் இறங்கிக் காலி வீதி பஸ் ஏறினோம். சனம். புத்தகப்பையை முதுகிலிருந்து கழற்றி நெஞ்சுக்கு முன்னால் போட்டுக்கொண்டாள். கொழும்பில் பஸ் ஏறும் எந்தப் பெண்ணும் அதை ஏன் என்று கேட்க மாட்டாள். பஸ்ஸிலும் ரயிலிலும் பாலியல் தொல்லைக்கு ஆளானதாக 100க்கு 90 பெண்கள் சொன்ன நாடு இது, ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியத்தின் ஆய்வில். கேமைப் பார்த்துத்தான் பஸ்ஸில் கை நீளுகிறது என்று சொல்லும் ஆள் நானில்லை. கேம் வருவதற்கு முன்பே அந்தக் கை இருந்தது. ஆனால் ஐந்து நிமிடமாவது அந்தக் கையை மறந்து வாள் வீசலாம் என்று வந்த பிள்ளைக்கு, உங்கள் கூடத்திலும் அதே பஸ்தான் காத்திருந்தது.

ஆயுதம் தூக்கிய பெண் எப்படி உடுத்தியிருப்பாள் என்று இந்த நாட்டில் வளர்ந்த எனக்கு யாரும் கற்பனை செய்து காட்டத் தேவையில்லை. போர்க்காலத்தில் இரண்டு பக்கத்திலும் அவர்கள் இருந்தார்கள். நீளக் காற்சட்டை, கனத்த சப்பாத்து, இறுக்கிப் பின்னி மடித்துக் கட்டிய சடை. கொழும்புச் சோதனைச் சாவடியில் என் கைப்பையைக் கொட்டித் துழாவிய சீருடைப் பெண்ணை எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. பயந்தேன், கோபப்பட்டேன், உள்ளூர வெறுத்தேன். அவள் உடம்பு எப்படி இருந்தது என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை. அவள் கையில் இருந்தது அதிகாரம். உங்கள் படைத்தலைவியிடம் இல்லாதது அதுதான். அவளுக்குப் பதவி தந்திருக்கிறீர்கள், வாள் தந்திருக்கிறீர்கள். பார்க்கிறவனைப் பயப்பட வைக்கும் உரிமையைத் தரவில்லை.

இனி என் பங்குக்கு வருகிறேன். சொல்லாமல் விட்டால் மடல் பொய்யாகிவிடும்.

நான் ஆறு வருடம் இதே நகரத்தில், வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் பாத்திரங்களை முப்பரிமாணத்தில் செய்துகொடுக்கும் இடமொன்றில் வேலை செய்தேன். எங்கேயோ இருக்கும் ஒருவர் ஓவியத்தை அனுப்புவார், நாங்கள் மொடல் செய்து, எலும்புக்கூடு பூட்டி, அசைவுக்குத் தயாராக்கி அனுப்புவோம். படம் திரும்பி வரும்போது மேலே சிவப்புக் கோடுகள் இருக்கும். ஆண் பாத்திரத்துக்கு வரும் சிவப்புக் கோடு தோளில், தாடையில், வாளின் பிடியில். பெண் பாத்திரத்துக்கு எங்கே வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? “இன்னும் பெரிதாக.” “இடுப்பு இன்னும் சின்னதாக.” நான் குனிந்த தலை நிமிராமல் திருத்தினேன். டொலரில் வந்த வேலை. வாடகை கட்ட வேண்டியிருந்தது.

அந்தத் தொழிலில் இல்லாத வாசகர்களுக்காக ஒன்று சொல்கிறேன். கேமில் ஒரு உருவம் அசைய வேண்டுமென்றால் அதற்குள் ஒரு எலும்புக்கூடு வேண்டும். முதுகு, தோள், முழங்கை, விரல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எலும்பு. எந்த எலும்பு அசைந்தால் எந்தத் தோல் எவ்வளவு இழுபட வேண்டும் என்பதைத் தூரிகையால் பூசுவதுபோல் அங்குலம் அங்குலமாகப் பூச வேண்டும். மிகப் பொறுமை கேட்கும் வேலை. பெண் எலும்புக்கூட்டில் ஆணிடம் இல்லாத இரண்டு எலும்புகள் கூடுதலாக இருக்கும், நெஞ்சில். ஓடினாலும் நின்றாலும், சில விளையாட்டுகளில் மூச்சு விட்டாலும் குலுங்குவதற்காக. ஒரு முறை ஒரு பெண் பாத்திரத்தை முடிக்க எனக்குத் தந்தது மூன்று வாரம். அதில் ஒரு வாரம் முழுக்க அந்த இரண்டு எலும்புகளோடு போனது. நான்கு தடவை திருப்பி அனுப்பினார்கள், குலுக்கம் போதாதென்று. கடைசியில் முகத்துக்கு நேரமில்லை. கதையில் தன் தம்பி சாவதைப் பார்த்து அழ வேண்டிய பெண் அவள். வாய் சரியாகக் கோணவில்லை. அப்படியே அனுப்பினோம், அது திரும்பி வரவில்லை.

உங்கள் டெமோவைப் பார்த்தபோது அந்த இரண்டு எலும்புகளை நான் உடனே கண்டுகொண்டேன். செய்த பெடியனையோ பிள்ளையையோ நான் குறை சொல்ல மாட்டேன். தேர்ந்த கை. படைத்தலைவன் சும்மா நிற்கும்போது வாளின் கூர் பார்க்கிறான், கடலைப் பார்க்கிறான். அவள் சும்மா நிற்கும்போது இடுப்பை ஒரு பக்கம் சாய்த்துத் தலைமுடியைக் கோதுகிறாள். அவன் அடிபட்டால் உறுமுகிறான். அவள் அடிபட்டால் எழுப்பும் சத்தம் வலியின் சத்தமாக எனக்குக் கேட்கவில்லை, பக்கத்தில் நின்ற தாய்மார் எவருக்கும் கேட்டிருக்காது. கமரா அவன் பின்னால் தோளுயரத்தில் போகிறது, அவள் பின்னால் இடுப்புயரத்தில். இதெல்லாம் தானாக நடப்பதில்லை. ஒவ்வொன்றையும் ஒரு கூட்டத்தில் ஒருவர் கேட்டு, ஒருவர் சரி சொல்லி, ஒருவர் இராப்பகலாக இருந்து செய்திருக்கிறார்.

ஆகவே தோல் எவ்வளவு தெரிகிறது என்று அளக்க நான் வரவில்லை. யாருக்காகத் தெரிகிறது என்பதுதான் என் கேள்வி. ஆண் வீரனும் கட்டுமஸ்தாகத்தானே இருக்கிறான் என்பீர்கள். இருக்கிறான். விளையாடுகிறவன் தான் அப்படி ஆக வேண்டும் என்று ஆசைப்படுவதற்காக அந்த உடம்பு. அவளுடைய உடம்பும் அதே பையனுக்காகத்தான், வேறு ஆசைக்கு. என் மகளுக்கென்று திரையில் ஒரு உடம்பு இல்லை.

சந்தைக்கு வருவோம். உங்கள் அறிக்கையில் பலமான வரி அதுதான்.

இது பழைய வழக்கம் என்பது உண்மை. 1986இல் நின்டெண்டோ வெளியிட்ட மெட்ராய்டில் கவசத்துக்குள் இருந்தது சாமுஸ் அரான் என்ற பெண் என்பது முடிவில்தான் தெரியும். அங்கேயும், ஒரு மணி நேரத்துக்குள் முடித்தால் அவள் நீச்சலுடையில் நிற்பாள். வேகமாக விளையாடியதற்குப் பரிசு. 1996இல் டூம் ரெய்டர் வந்தது, அதன் நாயகி லாரா குரொஃப்டின் மார்பளவு பற்றிய பேச்சு அவளுடைய துப்பாக்கியைவிடப் பிரபலமானது. 2015இல் மெட்டல் கியர் சொலிட் தொடரின் ஐந்தாம் பாகம். அதில் குவைட் என்ற குறிசுடும் பெண் பிகினி மேலாடையோடும் கிழிந்த காலுறையோடும் போர்க்களத்தில் திரிவாள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, தெரிந்தால் விமர்சித்தவர்கள் வெட்கப்படுவார்கள் என்று இயக்குநர் ஹிடியோ கொஜிமா முன்கூட்டியே சொல்லி வைத்தார். விளையாட்டு வந்தது, காரணமும் வந்தது: அவள் தோலால் மூச்சு விடுகிறாளாம், உடுப்புப் போட்டால் திணறிவிடுவாளாம். அதே தொடரில் 2004இல் வந்த மூன்றாம் பாகத்தில் ஒளிச்சேர்க்கை செய்யும் கிழவர் ஒருவர் இருக்கிறார், அவரும் குறிசுடுபவர்தான். அவர் கழுத்து வரை உடுத்திக்கொண்டு நன்றாகவே வெயில் காய்ந்தார். நானும் இந்தத் தொழிலில் இப்படியான காரணங்களைக் கேட்டிருக்கிறேன். முதலில் உடுப்பைக் கழற்றுவார்கள், பிறகு கதாசிரியரைக் கூப்பிடுவார்கள்.

இப்படியானவை விற்காது என்று நான் வாதாட வரவில்லை. விற்கும். 2024இல் வந்த ஸ்டெல்லார் பிளேட் விற்றது. ஆனால் இது இல்லாவிட்டால் விற்காது என்கிறீர்களே, அதைத்தான் ஏற்க மாட்டேன். லாரா குரொஃப்டை 2013இல் மறுபடி செய்தபோது நீளக் காற்சட்டை போட்டார்கள், உடம்பைச் சாதாரண மனுஷியின் அளவுக்குக் கொண்டுவந்தார்கள், சேறும் காயமும் பூசினார்கள். அந்த விளையாட்டு ஒரு கோடிக்கு மேல் விற்றது. 2017இல் நெதர்லாந்தின் கெரில்லா நிறுவனம் ஹொரைசன் ஸீரோ டோன் வெளியிட்டது. அலோய் என்ற வேட்டைக்காரி தோலும் கம்பளியும் உடுத்துக் குளிருக்குள் நடப்பாள். பிறகு வந்த இரண்டாம் பாகத்தில் அவள் முகத்தில் மெல்லிய பூனைமுடி இருக்கிறதென்று சிலர் இணையத்தில் கூச்சலிட்டார்கள். முதல் பாகம் மட்டும் இரண்டு கோடிப் பிரதிகளுக்கு மேல் போனது. என் மகள் அயல்வீட்டு அண்ணாவின் கணினியில் அதை விளையாடிவிட்டு, தலைமுடியை அலோய் மாதிரிப் பின்னிவிடச் சொன்னாள். ஒரு மணி நேரம் பின்னினேன். உங்கள் படைத்தலைவி மாதிரி இருக்க வேண்டுமென்று எந்தப் பிள்ளையும் அம்மாவிடம் வந்து கேட்பாளா?

மாற்றுவதற்கு நேரமில்லை, செலவு கூடும் என்று உங்கள் குழுவில் ஒருவர் தனியாக எழுதினார். இந்த வாதத்தையும் உலகம் கேட்டுவிட்டது. 2014இல் அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி என்ற விளையாட்டில் பெண்ணாக விளையாட வசதி ஏன் இல்லை என்று கேட்டதற்கு, அசைவுகளை எல்லாம் இரட்டிப்பாகச் செய்ய வேண்டிவரும் என்று அதைச் செய்த யுபிசொஃப்ட் நிறுவனத்தில் சொன்னார்கள். அதே தொடரின் மூன்றாம் பாகத்துக்கு அசைவு இயக்குநராக இருந்த ஜொனதன் கூப்பர், ஓரிரு நாள் வேலைதான் என்று எழுதினார். ஆறு வருடம் எலும்பு பூட்டியவள் என்ற முறையில் நானும் சொல்கிறேன், உங்களிடம் இருக்கிற படைத்தலைவனின் கவசத்தை அவளுடைய உடம்புக்கு ஏற்பத் திருத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும். 2016 மார்ச்சில், ஓவர்வொட்ச் என்ற விளையாட்டு வெளிவருவதற்கு இரண்டு மாதம் முன்பு, ட்ரேசர் என்ற பெண்ணின் வென்றதும் நிற்கும் நிலையொன்றைப் பற்றி விளையாடுபவர் ஒருவர் எழுதினார். பின்புறத்தைக் காட்டித் திரும்பிப் பார்க்கும் நிலை. துருதுருவென்று ஓடித்திரியும் இவளுடைய குணத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பது கேள்வி. பிளிஸார்ட் நிறுவனம் அந்த நிலையை எடுத்துவிட்டு வேறொன்று வைத்தது. ஓவர்வொட்ச் அதனால் மூழ்கிப்போகவில்லை.

அதே பிளிஸார்டின் மற்றப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், அவர்களைப் புனிதர்களாக்க எனக்கு விருப்பமில்லை. 2021இல் பெண் ஊழியர்களைத் துன்புறுத்தியதாகவும் பாகுபாடு காட்டியதாகவும் கலிபோர்னியா மாநில அரசு அந்தக் குழுமத்தின் மீது வழக்குப் போட்டது. அதன்பிறகு வேர்ள்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் விளையாட்டுக்குள் சுவரில் தொங்கிய பெண்களின் ஓவியங்களை எடுத்துவிட்டுப் பழத்தட்டு வரைந்து மாட்டினார்கள். பார்த்தபோது சிரிப்பு வந்தது. உங்களிடம் நான் பழத்தட்டுக் கேட்கவில்லை.

சிகிரியா. இந்த வரியை எழுதியவர் அங்கே ஏறியிருப்பார் என்று நினைக்கிறேன், நிதானமாகப் பார்த்தாரோ தெரியாது. ஐந்தாம் நூற்றாண்டில், காசியப்பன் காலத்துப் பாறையில் வரையப்பட்ட பெண்கள் அவர்கள். மார்பு தெரியத்தான் நிற்கிறார்கள். நான் பாடசாலைச் சுற்றுலாவில் போனபோது எங்கள் ஆசிரியை அவசர அவசரமாகக் கீழே இறக்கப் பார்த்தது இப்போதும் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்கள் கையில் பூ இருக்கிறது. அவர்கள் போருக்குப் போகவில்லை, புயலில் கயிறு இழுக்கவில்லை. போருக்குப் போகிறவளின் நெஞ்சைத் திறந்துவிட்டு அதைக் கவசம் என்று அந்த ஓவியன் பெயர் வைக்கவில்லை. இன்னொன்று. அந்த ஓவியங்களுக்குக் கீழே, கண்ணாடிச் சுவர் என்று சொல்லும் மெருகிட்ட பழைய சுவர் இருக்கிறது. வந்து பார்த்தவர்கள் நூற்றாண்டு நூற்றாண்டாக அதில் கவிதை கீறி வைத்திருக்கிறார்கள். பேராசிரியர் பரணவிதான அவற்றில் 685ஐப் படித்து 1956இல் பதிப்பித்தார். எழுதியவர்களில் பெண்களும் இருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்திய அந்தச் சுவரில்கூடப் பார்க்கிற கண்ணில் பெண்ணுக்கு ஒரு பங்கு இருந்தது. உங்கள் கூட்ட மேசையில் எத்தனை பெண்கள் இருந்தார்கள்?

கவசம் பற்றியும் ஒரு வார்த்தை. மார்பில் இரண்டு கிண்ணமாக அடித்த உலோகம் யாரையும் காப்பாற்றாது. விழுகிற அடியை இரண்டு கிண்ணத்துக்கும் நடுவே, நெஞ்செலும்பின் மேல் கொண்டுபோய் விடும். உண்மையான கவசத்தின் வளைவு அடியை வெளியே வழுக்க விடுவதற்காக. தண்ணீர் தேங்காத கூரை போட எந்த மேசனுக்கும் தெரியும், இதுவும் அதே கணக்குத்தான்.

பிடிக்காதவர்கள் விளையாட வேண்டாம் என்ற கடைசி வரி. பெண்பிள்ளைகள் இதை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார்கள், உங்களுக்குத் தெரியவில்லை. என் மகள் போனில் விளையாடும்போது ஆண் பெயர் வைத்திருக்கிறாள், ஆண் உருவம் எடுக்கிறாள். மைக்கைத் திறப்பதில்லை. ஒருநாள் தவறித் திறந்துவிட்டாள். “அட, பொம்பிளைக் குரலடா” என்று தொடங்கி அடுத்த மூன்று நிமிடம் நடந்ததை அவள் எனக்குச் சொல்லவில்லை. அறைக்கு வெளியே நின்று நானே கேட்டேன். மற்றப் பெடியன்கள் உடுப்பு ஸ்கின் வாங்க ரீலோட் போட்டுத் தரச்சொல்லி வீட்டில் அடம்பிடிப்பார்கள். இவள் ஒரேயொருமுறை கேட்டாள், முகம் முழுக்க மூடும் தலைக்கவசம் ஒன்றுக்கு. விளையாட்டை விட்டு விலகவில்லை, தன்னை ஒளித்துக்கொண்டு விளையாடுகிறாள். அவளை இன்னும் கொஞ்சம் ஒளியச் சொல்கிறது உங்கள் அறிக்கை.

என் கேள்விக்கு ஆதரவாக எழுதிய ஒரு பெரியவரையும் இங்கே குறிப்பிட வேண்டும். இப்படியான கேம்களையெல்லாம் தடை செய்ய வேண்டும், தமிழ்ப் பண்பாடு அழிகிறது என்றார். அடுத்த வரியிலேயே, பொம்பிளைப் பிள்ளையை ஏன் அங்கெல்லாம் கூட்டிக்கொண்டு போனீர்கள் என்று என்னைக் கேட்டார். ஐயா, உங்கள் ஆதரவை மரியாதையோடு திருப்பித் தருகிறேன். படைத்தலைவிக்குத் தாவணி போர்த்தச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. இயக்குநரே, அவளுடைய உடம்பை வைத்து அந்தப் பெரியவர் கூச்சப்படுகிறார், நீங்கள் காசு பார்க்கிறீர்கள். என் மகள் வந்தது இருவர் கணக்கிலும் பிழையாகிவிட்டது.

நான் கேட்பவை இவை.

விளையாட்டு இன்னும் வெளிவரவில்லை, ஆகவே காலம் இருக்கிறது. படைத்தலைவிக்கும் படைத்தலைவனுக்கும் ஒரே கப்பலில் ஒரே வேலை செய்கிறவர்களுக்குரிய உடுப்பைக் கொடுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு சோதனை: அவளுடைய உடுப்பை, அவள் நிற்கும் நிலையை, அவளுடைய கமராவை அப்படியே எடுத்துப் படைத்தலைவனுக்குப் போட்டு உங்கள் கூட்டத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். அறையில் சிரிப்பு எழும்பினால் அது கடலுக்குப் போகும் உடுப்பில்லை.

அவளுடைய கமராவை அவனுடைய உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். கீழிருந்து உள்ளே பார்க்க முடியாதபடி மறியுங்கள், இது அரைநாள் வேலை என்று உங்கள் நிரலாளர்களுக்குத் தெரியும். அடிபடும் சத்தத்தை ஒரு நடிகையிடம், வலி என்றால் என்ன என்று சொல்லி, மறுபடி பதிவு செய்யுங்கள்.

அந்த இரண்டு எலும்புகளை எடுத்துவிடுங்கள். அதனால் மிச்சமாகும் நேரத்தை அவளுடைய முகத்துக்குக் கொடுங்கள்.

அடுத்த டெமோவை வெளியில் விடுமுன் பெண்பிள்ளைகளிடம் கொடுத்து விளையாடிப் பார்க்க வையுங்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நுகேகொடையிலும் விளையாடுகிற பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ள, வேண்டாம் என்று சொல்லும் அதிகாரத்தோடு ஒரு பெண்ணைக் குழுவில் வையுங்கள். படம் எடுக்கும்போது முன்வரிசையில் நிறுத்துவதற்கு அல்ல, சம்பளத்தோடும் பதவியோடும்.

ஆளுயர அட்டையைக் கண்காட்சிகளிலிருந்து எடுத்துவிடுங்கள். பாடசாலைப் பிள்ளைகள் வரும் இடத்தில், வரிசையில் யார் என்ன சொல்கிறார்கள் என்று கவனிக்க ஒருவரை நிறுத்துங்கள். அன்றைக்கு அந்தக் குரலை அடக்க யாராவது ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்ல வேண்டியவர்களில் நானும் இருந்தேன். நானும் சொல்லவில்லை.

உங்கள் பதிலைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வெளியிடுங்கள். இந்த மாதம் முடிவதற்குள்.

இந்த மடலோடு மூன்று வரைபடம் அனுப்பியிருக்கிறேன். எண்ணெய் பூசிய தோல் மேலங்கி ஒன்று. பருத்தித் துணியை அடுக்கித் தைத்த நெஞ்சுக் கவசம் ஒன்று, கடலில் விழுந்தால் கழற்றிப் போட்டுவிட்டு நீந்தலாம். மூன்றாவதில் வெறுங்கால், ஈரத்தட்டில் வழுக்காமல் நிற்க அதைவிட நல்லது இல்லை. எலும்புக்கூட்டுக்கான அளவுகளும் போட்டிருக்கிறேன். காசு வேண்டாம், பெயரும் போடத் தேவையில்லை. மூன்றாவது படத்தில் தலைமுடியைப் பின்னியது என் மகள். மேலங்கிக்குக் கழுத்து வரை பொத்தான் போடச் சொன்னதும் அவள்தான். கேட்டேன், ஏன் என்று. “மழை பெய்யுதெல்லோ அம்மா” என்றாள்.

வெள்ளவத்தையிலிருந்து,
முன்பு உங்கள் தொழிலில் இருந்த ஒருத்தி